கப்பிக்குப் பூசிய கிறீஸ்

என் கணவர் எட்வேர்ட் கைதட்டிக்கொண்டு அறைக்குள் சுற்றி வந்தபோது, இந்த மனிதருக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மூலையில் நின்று தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். அடுத்த மூலைக்குப் போய் மறுபடி தட்டுவார்.

"எதிரொலிக்குது, நவமணி."

"சீமெந்து அறை எதிரொலிக்காமல் பின்னை என்ன செய்யும்?"

"உமக்கு உது விளங்காது."

எனக்கு விளங்காதாம். கொழும்பில் ஒரு கந்தோரில் கோப்புக் கட்டிக் கட்டியே கூன் விழுந்த மனிதர் இவர். மாதத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வட்டுக்கோட்டைக்கு வந்து போவார். எண்பத்து மூன்றில் கலவரம் நடந்து, எல்லோரும் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், நகையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்கள். இவர் ஒரு ரேப் றெக்கோடரையும் தான் உடுத்துகிற சாரத்தில் சுற்றிய மைக்கையும் கொண்டுவந்தார். படலையைத் திறந்தவுடன் சொன்ன முதல் வார்த்தை, "மைக்குக்கு ஒண்டும் நடக்கேல்லை" என்பதுதான். நான் அழுது அழுது முகம் வீங்கிப்போய் நின்றேன். அது அவருடைய கண்ணில் படவில்லை.

அடுத்த வருடம் எங்கள் ஒரே மகன் சீலன் ஜேர்மனிக்குப் போனான். பெடியன்களைக் கண்ட இடத்தில் ஆமிக்காரன் ஏற்றிக்கொண்டு போகிற காலம். இருந்த காணியை விற்று அனுப்பினோம். அவன் படுத்த கட்டிலின் சூடு ஆறுவதற்குள் அவருக்கு அந்த அறை தேவைப்பட்டுவிட்டது. கட்டிலை விறாந்தைக்கு இழுத்தார். வாசலில் 'எட்வேர்ட் ஒலிப்பதிவுக்கூடம்' என்று பலகை மாட்டினார். கோயில் பாடற்குழுவைப் பதிவுசெய்து கசற் போடப்போகிறாராம். கேட்பதற்கு ஊரே வரிசையில் நிற்கப்போகிறதாம்.

பிறகு தொடங்கியது திருத்தவேலை. யன்னலைக் கல் வைத்துக் கட்டினார். சாக்குகளுக்குள் தேங்காய்த் தும்பை அடைத்துச் சுவர் முழுக்க ஆணியடித்தார். தும்பு போதாமல் என் மெத்தையைக் கிழித்தார். கூரைக்குக் கீழே பாய்களைக் கட்டினார். கதவின் உட்புறம் முழுவதும் பழைய கம்பளி. கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி ஒன்று மிஞ்சியது. அதை அடைக்க அவருக்கு வழி தெரியவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் தன் பழைய சாரத்தைச் சுருட்டி அந்த இடைவெளியில் திணித்தார். விஞ்ஞானம் அவ்வளவுதான்.

காற்றாடி போட்டால் இரைச்சல் விழும் என்று அதையும் கழற்றிவிட்டார். பாடற்குழு வந்தது. இரண்டாவது பாட்டில் றோஸ் ரீச்சர் அப்படியே சரிந்து விழுந்தாள். நான் தண்ணீர் தெளிக்க ஓடுகிறேன், இவர் குனிந்து றெக்கோடரைப் பார்க்கிறார். "விழுந்த சத்தம்கூட எதிரொலிக்கேல்லை" என்று அவருடைய முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. பாடற்குழு அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஆனாலும் மனிதர் அடங்கவில்லை. "அறை சரி. வளவுதான் சரியில்லை" என்றார்.

எங்கள் நாய் வீமன் குரைத்துப் பதிவைக் கெடுக்கிறதாம். அதைக் கரவெட்டியில் இருக்கிற தன் மச்சான் தம்பிஐயாவிடம் கொண்டுபோய் விட்டார். சேவல் நேரகாலம் தெரியாமல் கூவியது. நத்தார்ப் பண்டிகைக்கு அது கறியானது. யன்னலோரத்து வேப்பமரத்தில் காகங்கள் கூடின. மரத்தைத் தறித்தார். கடைசியாகக் கிணற்றடிக்குப் போனார். அந்தக் கப்பி நான் கலியாணம் கட்டி வந்த நாள் தொட்டுக் கத்துகிற கப்பி. வாளி இறங்கும்போது ஒரு குரல், ஏறும்போது ஒரு குரல். அதைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிறீஸ் பூசி மாட்டினார். அதோடு அதுவும் வாயை மூடிக்கொண்டது. இழவு வீட்டில் நடமாடுவது போல நான் என் வளவுக்குள் நடமாடினேன்.

சீலனுக்கு நான் கடிதம் எழுதுவதில்லை. குசினிக்குள் சின்ன றேடியோ கசற்றை வைத்துக்கொண்டு, தேங்காய் துருவியபடி, புகையில் இருமியபடி, வாய்க்கு வந்ததைக் கதைத்து அனுப்புவேன். அவனும் அங்கே அகதி முகாமில் இருந்து கதைத்து அனுப்புவான். எங்கள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் நித்திரை கொள்வதாகச் சொல்லியிருந்தான்.

இது அவருக்குப் பொறுக்கவில்லை. "இப்பிடிக் குப்பைச் சத்தங்களோடையோ பிள்ளைக்கு அனுப்புறது? வாரும், நான் முறையாப் பதிஞ்சு தாறன்."

என்னை அந்தப் புழுக்கத்துக்குள் இருத்தினார். மைக்குக்கு முன்னால் தலையைப் பிடித்து நேராக வைத்தார். நான் வாயைத் திறந்தேன். என் குரல் எனக்கே பிடிபடவில்லை. வாயை விட்டு வெளியே வந்த சொல் எங்கேயோ போய்ச் செத்துவிடுகிறது. பயமாக இருந்தது. "தம்பி, நாங்கள் சுகம். வீடும் சுகம். நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழும்பிவிட்டேன். இருமியதையும் மூச்சு வாங்கியதையும் வெட்டி எடுத்துவிட்டு, "இப்ப பாரும், வானொலி தோத்துப்போம்" என்று ஒட்டி அனுப்பினார்.

அது போய்ச் சேர்ந்த கையோடு போதகர் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. ஓடிப்போய் எடுத்தேன்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்கோ. எங்கை இருக்கிறியள்?"

"வீட்டிலைதான் ராசா. வேறை எங்கை?"

"பொய் சொல்லாதேங்கோ. வீமன் குரைக்கேல்லை. கப்பி கத்தேல்லை. ஒரு காகம்கூட இல்லை. உங்கடை குரலே வேறை மாதிரிக் கிடக்கு. வீடு எரிஞ்சு போச்சோ? ஆர் உங்களை அடைச்சு வைச்சுக் கதைக்கப் பண்ணினது? அப்பா இருக்கிறாரோ?"

"அப்பாவுக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கிறார். அந்த மனுசன்தானடா—"

"எனக்கு மறைக்காதேங்கோ. நான் காசு கடன் மாறி வைச்சிருக்கிறன். வாறன்."

அவனுடைய வயதுப் பெடியன் ஆனையிறவு ஆமி முகாம் தாண்டி வீடு வந்து சேருவான் என்று அந்த நேரத்தில் ஒரு தாயும் நம்பமாட்டாள். நான் கர்த்தரை இழுத்தேன், வேதத்தின்மேல் சத்தியம் பண்ணினேன். அவன் நம்பவில்லை. "அடுத்த கசற் வருமட்டும் பொறுத்திரு, அதைக் கேட்டிட்டு முடிவெடு" என்று கெஞ்சினேன். சரி என்றோ இல்லை என்றோ கேட்பதற்கு முன் தொடர்பு அறுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். மனிதர் றெக்கோடர் இருந்த அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்கிறார், "அப்ப பதிவு அவ்வளவு துல்லியமா இருந்திருக்குது?" அம்மிக்குழவி கைக்கு எட்டவில்லை. எட்டியிருந்தால் இந்தக் கதையைப் பொலிஸ் நிலையத்தில்தான் சொல்லியிருப்பேன்.

பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருவன் மறுநாள் ஜேர்மனிக்குப் பயணம் புறப்பட இருந்தான். அன்றைக்கே கசற்றைப் பதிந்து அவனிடம் கொடுத்துவிட வேண்டும். றேடியோ கசற்றை எடுத்துக்கொண்டு குசினிக்குள் இருந்து, பதிகிற பொத்தானை அழுத்தினேன். அழுத்திய பிறகுதான் தெரிந்தது, பதிவதற்கு ஒன்றுமே இல்லை. நாய் கரவெட்டியில். சேவல் வயிற்றுக்குள். காகம் வந்து குந்த மரம் இல்லை. சீலன் அறிந்த வீட்டை இந்த மனிதர் ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்துவிட்டார். அடுப்பை ஊதினேன். அது எந்த அடுப்பாகவும் இருக்கலாம்.

அப்போது கிணற்றடியில் நிழல் ஆடியது. எட்டிப் பார்த்தால், இவர் வாளியை இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறார். கப்பியில் இருந்த கிறீஸை எனது நல்ல துவாயால் துடைத்திருக்கிறார். எவ்வளவு துடைத்தும் அது வழுக்கிக்கொண்டுதான் ஓடியது, மூச்சுக்கூட விடவில்லை. வேர்த்து ஒழுக வந்து, குசினி யன்னலுக்கு வெளியே நின்றார். தொண்டையைச் செருமினார். பிறகு, கர்த்தர் அறிய, கொக்கரக்கோ என்று கூவினார்.

கூவியதாவது சேவல் மாதிரி இருந்ததா? தொண்டை கட்டிய கிழட்டு வாத்து மாதிரி ஒரு சத்தம். கூவிவிட்டு என்னைப் பார்த்து, "பதிவிலை விழுந்ததோ? இன்னும் கிட்ட வரட்டோ?" என்றார்.

எனக்குள் ஏதோ உடைந்தது. நான் தொடங்கினேன்.

"வாருங்கோ, கிட்ட வாருங்கோ! உயிரோடை நிண்ட சேவலை அறுத்துத் திண்டுபோட்டு இப்ப நீங்கள் கூவுறியளோ? வெக்கமில்லையோ உங்களுக்கு? நாயையும் துரத்தி மரத்தையும் தறிச்சு என்ரை மெத்தையையும் கிழிச்சுச் சுவரிலை அடிச்சாச்சு. நிண்டு துடைச்சது என்ரை துவாயாலை! கேக்கிறதுக்கு ஒரு மனுசர் இல்லாத கசற்றுக்கு ஒரு மாளிகை! என்ரை பிள்ளையின்ரை அறையடா மனுசா அது! அவன் படுத்த இடத்திலை தும்பை அடைச்சு வைச்சிருக்கிறியள்!"

கலியாணம் கட்டின நாளில் இருந்து உள்ளே கிடந்தது எல்லாம் வந்தது. அவருடைய அம்மாவையும் விடவில்லை. சாரத்தில் சுற்றிய மைக்கையும் படலையடியில் சொன்ன முதல் வார்த்தையையும் இழுத்தேன். இடையிடையே அவர், "நவமணி, ஒரு நிமிசம்... நவமணி, நான் சொல்லுறதை..." என்றார். விட்டேனா? கசற் முடிந்து பொத்தான் டக்கென்று மேலே கிளம்பிய பிறகுதான், அது ஓடிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

வேறு வெறுங் கசற் வீட்டில் இல்லை. பயணக்காரப் பெடியன் படலையில் நின்று மணியடித்தான். அதையே கொடுத்து அனுப்பினேன்.

பதில் வரும்வரை நான் சாப்பிட்டதும் தூங்கியதும் பேருக்குத்தான். றோட்டில் வாகனம் நின்றால் படலைக்கு ஓடுவேன். இவர் பக்கத்தில் வந்தால் முகத்தைத் திருப்பினேன். கரவெட்டிக்குச் சைக்கிளில் போய் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே ஊட்டிக் கொழுத்த நாய், குரைக்கவே மறந்துபோய் வந்து படுத்தது. அதையும் அவருடைய கணக்கிலேயே எழுதினேன்.

ஒரு நாள் தபாலில் கசற் வந்தது. குசினிக்குள் இருவரும் இருந்து போட்டோம். முதலில் நெடுநேரம் சிரிப்புச் சத்தம். பிறகு அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

"அம்மா, வீடு இருக்குது எண்டு விளங்கீட்டுது. நீங்கள் அப்பாவை ஏசினதைக் கேட்டு இஞ்சை முகாம் முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொருத்தனும் தன்ரை தன்ரை அம்மா எண்டு சொல்லுறான். அப்பா, நீங்கள் கூவினது சரியில்லை. அம்மா, அடுத்த முறையும் கொஞ்சம் ஏசி அனுப்புங்கோ. நான் வரேல்லை. இஞ்சையே நிக்கிறன்."

நான் வரேல்லை. எத்தனை நாளாக முழங்காலில் நின்று கேட்ட வார்த்தை அது. கிடைத்துவிட்டது. இனி என் பிள்ளையை எப்போது காண்பேன் என்று ஒருவருக்கும் தெரியாது.

எழும்பி அவருடைய ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் போனேன். கதவைச் சாத்தினேன். அந்தத் தும்புச் சுவரில் முகத்தை வைத்துக் குழறினேன். அடிவயிற்றில் இருந்து, அயல் கேட்குமே என்ற பயமில்லாமல் அழுதேன். அந்த அறையால் எனக்குக் கிடைத்த ஒரே பிரயோசனம் அதுதான்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தால், இவர் கதவு நிலையோடு ஒட்டி நிற்கிறார். கண் இரண்டும் சிவந்துபோய்க் கிடக்கிறது.

"கேட்டதோ?" என்றேன்.

"ஒண்டும் கேக்கேல்லை. அந்த அறைக்குள்ளை இருந்து ஒரு சத்தமும் வெளியிலை வராது."

கதவின் கீழே திணிக்கிற சாரம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பொய்யைக்கூட ஒழுங்காகச் சொல்லத் தெரியாத மனிதர்.