மாமனார் பார்க்காத ராக்கெட்

1

இந்தக் கதை எனக்கு மருந்துக்கடை வரிசையில் கிடைத்தது. ராக்கெட் ஏவுதளத்தை ஒட்டிய இந்தக் கொக்கோ பீச்சில் எல்லாக் கதையும் அங்கேதான் கிடைக்கும். ராக்கெட் விட்டவர்கள் அத்தனை பேருக்கும் இப்போது ரத்தக் கொதிப்பு. எனக்கு முன்னால் நின்ற வெர்னா டாக்கெட் என்ற கிழவி சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அவள் முறை வந்துவிட்டது. மாத்திரையை வாங்கிக்கொண்டு போயே போய்விட்டாள். மிச்சத்தை நான் கட்டியிருக்கிறேன். இதில் வரும் ராக்கெட் ஏவுதல்களை எந்தப் பட்டியலிலும் தேடி அலையாதீர்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

விண்வெளி யுகத்தின் வைகறையில், மனிதகுலத்தின் கனவுகளைச் சுமந்தபடி அந்த எஃகுப் பறவை —

அதற்கு மேல் என் கைக்கே கூச்சமாகிவிட்டது.

2

ராக்கெட்டின் பெயர் அட்லஸ். கண்டம் விட்டுக் கண்டம் குண்டு போடக் கட்டினார்கள். பிறகு அதே ராக்கெட்டின் தலையில் ஆளை உட்காரவைத்து உலகத்தைச் சுற்றிவரச் செய்தார்கள். அதற்கு முன்னால் நிறைய வெடித்தது. வரலாறு இவ்வளவுதான். [இங்கே ஒரு பக்கம் எரிபொருளைப் பற்றி எழுதியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு "இது யாருக்கு?" என்றாள். எடுத்துவிட்டேன்.]

ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. எடை குறைய வேண்டுமென்று அதன் எஃகுத் தோலைக் காசு கனத்துக்கு மெலிதாகச் செய்திருந்தார்கள். உள்ளே வாயு அடைத்து வைத்தால்தான் நிற்கும். அழுத்தம் இறங்கினால் தன் எடை தாங்காமல் கசங்கிச் சரிந்துவிடும். ஆகவே அது சும்மா நிற்கும்போதும் ஒருவர் அழுத்தமானியைப் பார்த்தபடி இருக்க வேண்டும். வெர்னாவின் கணவன் டெல்பர்ட்டுக்கு அதுதான் வேலை.

இதை ஜார்ஜியாவில் நிலக்கடலை பயிரிடும் மாமனாருக்கு விளக்கத்தான் அவனுக்கு வரவில்லை.

"நாள் முச்சூடும் என்னதான் செய்யறீங்க மாப்ள?"

"உள்ள காத்து இருக்கான்னு பாக்கறேன் மாமா."

"இருக்குதா?"

"இருக்கு."

மாமனார் ஹோசியா கல்பெப்பர் மகள் பக்கம் திரும்பினார். "கண்ணு, நம்ம டிராக்டர் டயர்லயும் காத்து இருக்குது. ரெண்டு பேரும் ஊருக்கே வந்துடுங்க, உம் புருசன் அதப் பாக்கட்டும்."

டெல்பர்ட்டுக்கு வாய் நீளம். "நீங்க பாக்க ஒரு ராக்கெட் ஒழுங்கா மேல போச்சுன்னா எங்கள இங்கயே விட்டுடணும் மாமா. வர்ற விதைப்புக்குள்ள போகலன்னா உங்க டிராக்டர்ல நான் உக்காந்திருப்பேன்!"

வெர்னாவை யாரும் கேட்கவில்லை. ஊர் மோட்டல் விடுதியில் தொலைபேசி இணைப்புப் பலகை அவள் கையில் இருந்தது. ஊரில் யார் யாரோடு பேசுவதும் அவள் விரல் வழியாகத்தான். ஜார்ஜியாவுக்குப் போனால் மறுபடி கல்பெப்பர் வீட்டுப் பெண். ஆனால் அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமே இல்லை.

3

ஹோசியா மூன்று முறை வந்தார். முதல் ராக்கெட் கொஞ்ச தூரம் ஏறி, எதையோ மறந்துவிட்டதுபோலத் திரும்பியது. இரண்டாவது திரும்பும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, மேடையிலேயே வெடித்தது. மூன்றாவது கடலுக்கு மேலே சிதறியது. நான்கு வாரத்தில் விதைப்பு.

(இவரை வில்லனாக்கத்தான் பார்த்தேன். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு சிரிப்பு கொடுத்தேன். ஒட்டவில்லை. மனைவி இறந்தபிறகு பெரிய வீட்டில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிற மனிதர். மகள் பக்கத்தில் வேண்டும், கேட்கத் தெரியவில்லை. சிரிப்பையெல்லாம் அடித்துவிட்டேன்.)

4

ஏவுமேடைத் தலைவர் கூபியாக் சிகாகோக்காரர். ஒருமுறை ராக்கெட் நல்லபடியாகப் போனபோது போட்டிருந்த காலுறையை அதன்பிறகு துவைக்கவே இல்லை.

"டேய் டெல்பர்ட், நாமெல்லாம் படிச்சவங்க. நமக்கு மூடநம்பிக்கை கிடையாது," என்றார். "ஆனா உம் மாமனார் வந்தா வெடிக்குது, வராட்டி போகுது. இந்தத் தடவ அந்தாளு கண்ணுல ராக்கெட் படவே கூடாது, சொல்லிட்டேன்."

வீட்டில் வெர்னா தலையில் அடித்துக்கொண்டாள். "அவர் பாக்கணும்கறதுதானே பந்தயம்? பாக்காட்டி எப்படிங்க?"

"மேல போகட்டும் வெர்னா. ஊரே சாட்சி சொல்லும்."

ராக்கெட்டையே நிறுத்திவைக்கத் தெரிந்தவனுக்கு மாமனாரைத் தெரியவில்லை.

அடுத்த ராக்கெட் போகும் நேரம் பார்த்து, கூபியாக்கின் மனைவி ஐரீன் ஹோசியாவையும் வெர்னாவையும் சாப்பிடக் கூப்பிட்டாள். ஜன்னல்களை அடைத்துவிட்டு, அவர் முன்னால் சோளரொட்டி மாவில் ஒரு கிண்ணம் சர்க்கரையைக் கொட்டினாள். சோளரொட்டிக்கு உப்பு மட்டுமே போடும் ஜார்ஜியாக்காரர் முன்னால் செய்யக்கூடிய காரியமா அது?

"அம்மா தாயே! சோளரொட்டியில சக்கரையா? இத ரொட்டின்னு சொன்னா கேக் கோவிச்சுக்கும்!"

சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு அவரே அடுப்பு முன்னால் நின்றுவிட்டார். வெர்னா முற்றத்துக்கு ஓடினாள். அப்போது கீழ்வானைக் கிழித்துக்கொண்டு எழுந்த அந்தத் தீச்சுடர் — வேண்டாம். ராக்கெட் போனது. நேராக, அழகாக, கண்ணுக்கு மறையும்வரை போனது. உள்ளே பாத்திரங்கள் கடகடத்தன.

"முதல்ல இந்த அடுப்ப மாத்தும்மா," என்றார் ஹோசியா.

வெர்னா மூச்சிரைக்க வந்தாள். "அப்பா, ஏறிடுச்சுப்பா! ராக்கெட் மேல ஏறிடுச்சு!"

"அப்படியா? நான் பாக்கலையே கண்ணு."

"ஊரே பாத்துச்சுப்பா!"

"ஊரா என்கிட்ட பந்தயம் கட்டுச்சு?"

5

அடுத்த ராக்கெட் போகும்வரை இங்கேயே இருக்கிறேன் என்று அவர் பெட்டியைத் திறந்து சட்டைகளை அலமாரியில் மாட்டிவிட்டார். விதைப்புக்கு முன்னால் அது ஒன்றுதான் பாக்கி.

இங்கே கதை எனக்கு முட்டிக்கொண்டு நின்றது. ஒரு வரைவில் டெல்பர்ட் மாமனார் காலில் விழுந்தான். அந்த ஊரில் யாரும் யார் காலிலும் விழுவதில்லை. இன்னொன்றில் ஹோசியாவுக்குக் காய்ச்சல் வரவழைத்தேன். அது கோழைத்தனம்.

கடைசியில் வெர்னாவையே பேசவிட்டேன். அப்பாவோடு பாத்திரம் கழுவும்போது அவளுக்குப் பேச்சு அழுகையும் கோபமுமாக வந்தது.

"நீங்க பாத்தா வெடிக்குமாம்ப்பா. அதான் உங்கள அடுப்படியில பூட்டி வெச்சாங்க. எனக்கும் தெரியும். இந்தத் தடவையும் வெடிச்சா வாக்குக் குடுத்தபடி வந்துடறேன். ஆனா எனக்கு வர இஷ்டமில்ல. ஒரு நாளும் இருந்ததில்ல."

ஹோசியா தட்டைத் துடைத்து வைத்தார்.

6

ராக்கெட் ஏவும் நாள். ஊர் முழுக்கக் கடற்கரையில், எல்லார் முகமும் வடக்கே ஏவுதளத்தைப் பார்த்து. ஹோசியா தன் மடக்கு நாற்காலியைத் தூக்கி, அப்படியே திருப்பி, தெற்கே பார்க்கப் போட்டு உட்கார்ந்தார். எதிரே நிறுத்திவைத்த கார்கள்தான் தெரிந்தன.

"பெரியவரே, ராக்கெட் அந்தப் பக்கம்!" என்று யாரோ கத்தினார்கள்.

"எனக்குத் தெரியும்யா. நீ உன் சோலியப் பாரு."

வெர்னா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா..."

"நீ பாத்து சொல்லு கண்ணு. நீ என்ன சொல்றியோ அதான் நான் பாத்தது."

வெளிச்சம் வந்தது. பிறகு சத்தம் வந்து மணலை அதிரவைத்தது. ஹோசியா இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, திரும்பவில்லை.

"என்ன ஆச்சு, சொல்லு புள்ள!"

ஏறவைத்தும் எழுதிப் பார்த்தேன், வெடிக்கவைத்தும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் என் பேனா ராக்கெட்டை விட்டுவிட்டு அந்த நாற்காலிப் பக்கமே போகிறது. அதனால் நானும் அவர் பக்கத்தில், கார்களைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். நம்மில் வடக்கே பார்த்து நிற்பது நீங்கள் மட்டும்தான்.

அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெர்னா வாயைத் திறக்கிறாள். நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், அவள் என்ன சொல்லட்டும்?