பழைய பதிப்புக்காரர்களுக்குக் கடைசி நாள்

பாடப்புத்தகங்களுக்குப் பக்கம் போடுகிறவள் அவள். எழுத்தும் படமும் கணக்கும் ஒன்றையொன்று இடிக்காமல் ஒரு தாளுக்குள் உட்காரவைக்கிற வேலை. பதிப்பகத்தில் மேனேஜரிலிருந்து டிரைவர் வரை எல்லோருக்கும் அவள் 'பக்கம் அக்கா'தான். வீட்டு அடுப்பு எரிவது அந்தப் பதிப்பக வேலையால். கணவர் இடுப்பு எலும்பு நகர்ந்து கட்டிலோடு கிடந்தார். வாய் மட்டும் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தது.

டிசைன் சாஃப்ட்வேர் விஷயத்தில் அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. புதுப் பதிப்பு வந்தவுடன் விழுந்தடித்துக்கொண்டு வாங்கமாட்டாள். இரண்டை விட்டு மூன்றாவதைப் பிடிப்பாள். கையிலிருப்பது எவ்வளவு பழசானாலும் புதுசுக்கு மாற அதே சலுகை விலைதான் என்று கம்பெனிக்காரன் இருந்தவரை இந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லுபடியானது. ஒவ்வொரு பதிப்பையும் வாங்குகிறவர்களைப் பார்த்து, "தலைவலி வர்றதுக்கு முன்னாடியே மாத்திரை போடுற ஆளுங்க" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பில் மண் விழுந்தது. இனிமேல் கடைசிப் பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் சலுகை. மற்றவர்கள் முழு விலை கொடுத்துப் புதிதாக வாங்கவேண்டும் என்று கம்பெனி விதியை மாற்றிவிட்டது. பழைய வாடிக்கையாளர்களை மதித்து ஒரு மாத அவகாசம் என்றும் போட்டிருந்தான். கழுத்தை அறுப்பதற்கு முன் கத்தியைத் துடைத்துக்கொள்கிற மரியாதை.

பதிப்பக மேனேஜர் வேறு, "அடுத்த டேர்ம்லேருந்து புதுப் பதிப்புல ஃபைல் குடுத்தாதான்கா பிரஸ்ல எடுப்பாங்க. என் கையில ஒண்ணும் இல்ல" என்று கையை விரித்துவிட்டார். முழு விலைக்கு அவள் எங்கே போவாள்? சலுகை விலையைப் புரட்டவே நாக்குத் தள்ளி, அவகாசத்தின் கடைசி நாள் வந்துவிட்டது.

மத்தியானம் கணினி முன்னால் உட்கார்ந்தாள். பணம் கட்டுவதற்கு முன் ஒரு எண் கேட்டது. பதிவு செய்த ஃபோனுக்கு அனுப்பியிருக்கிறதாம். அந்த ஃபோன் தம்பியுடையது.

முன்பு தம்பியும் அவளும் சேர்ந்து பக்கம் போடுகிற கடை ஒன்று நடத்தினார்கள். அதற்காக இந்த சாஃப்ட்வேரை வாங்கியபோது பதிவையெல்லாம் அவன்தான் செய்தான். பிரிந்தபோது, "கம்ப்யூட்டர் எனக்கு, சாஃப்ட்வேர் உனக்கு" என்று பேசி முடித்தார்கள். அட்டைப்பெட்டி தன் அலமாரியில் இருந்தால் சாஃப்ட்வேரும் தன்னுடையது என்று அவள் நிம்மதியாக இருந்துவிட்டாள். அன்றைக்கு வாசலில் நின்று, "நீ தனியாப் போனா ஒரு பக்கம்கூட நேரா நிக்காதுடா" என்றும் சொல்லிவைத்தாள். அதற்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை.

"ஃபோன் பண்ணிப் பாரேன். உன் தம்பிதானே, கடிச்சா தின்னுடப்போறான்?" என்றார் கட்டிலிலிருந்து கணவர்.

கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அக்கா?"

சுற்றி வளைக்காமல், "உனக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். படி" என்றாள்.

அவன் படித்தான். பழைய பழக்கம் போகவில்லை. அந்தக் கடையில் பிழை பார்க்கும்போது ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் பக்கத்தைப் பார்த்துச் 'சரி' சொல்லவேண்டும். சரி வராமல் அடுத்த வரி வராது.

"ஏழு."

"சரி."

"பூஜ்யம்."

"சரி."

"மறுபடி பூஜ்யம்."

"சரி."

இத்தனை நாள் பேசாமல் இருந்த இரண்டு பேர் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. பணம் கட்டியானதும் அவனைச் சாப்பிடக் கூப்பிடவேண்டும் என்றுகூட நினைத்தாள்.

கடைசி எண்ணைத் தட்டியதும் திரை மாறியது. இந்த உரிமம் ஏற்கெனவே புதுப் பதிப்புக்கு மாற்றப்பட்டுவிட்டது என்றது. அதை வாய்விட்டுப் படித்தாள்.

தம்பி மெதுவாகச் சொன்னான்: "நான்தான்கா போன வாரம் மாத்தினேன். என் கடையில புதுசா ஒரு ஆளைச் சேர்த்தேன், அவருக்காக. உன்னைக் கேக்காம செய்வேனா? நீ எடுக்கமாட்டேன்னு மாமாவுக்குத்தான் ஃபோன் பண்ணேன். 'உங்க அக்கா எப்பவோ புதுசு வாங்கிட்டா, அந்தப் பழசை நீயே வச்சுக்கோ'ன்னாரே."

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்திருந்தார். தனியாய்ப் போன மச்சானிடம் வீட்டு மானத்தை விட்டுக்கொடுக்காமல் பேசிய பேச்சு அது. சலுகையே அந்தப் பழசை வைத்துத்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கூரை ஒழுகினாலும் வாசலுக்கு வர்ணம் அடிக்கிற மனுஷர். திட்டத்தான் வாயெடுத்தாள். போர்வைக்குள் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அதுவும் வரவில்லை.

"திருப்ப முடியாதாடா?"

"முடியாதுக்கா. கேட்டுப் பாக்குறேன், ஆனா விடமாட்டாங்க. முழு விலைக்கு எங்கிட்டயும் இல்ல." கொஞ்சம் தயங்கினான். "நீ வேணா இங்க வந்துடேன். அந்த ஆளை வேற வேலைக்கு மாத்திடுறேன். பதிப்பகத்துலயும் இப்பல்லாம் எங்கிட்டத்தான் குடுக்கிறாங்க."

ஆக, மேனேஜர் கையை விரித்ததற்கு முன்பே அந்தக் கை வேலையை வேறு இடத்தில் கொடுத்துவிட்டிருந்தது. தம்பி போட்ட பக்கங்கள் நேராகத்தான் நின்றிருக்கின்றன. கட்டிலில் கிடப்பவரை விட்டுவிட்டு ஊருக்கு அந்தக் கோடியில் போய் அவள் எப்படி உட்காருவது? அது அவனுக்கும் தெரியும்.

"அக்கா, இருக்கியா? வேணா அந்த நம்பரை இன்னொரு தடவை படிக்கட்டுமா? எங்கயாவது தப்பாத் தட்டியிருப்பே."

அவள் திரையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தாள்.

"வேண்டாம்டா. பிழை ஒண்ணும் இல்ல. சரி."