மேல் அடுக்குத் தக்காளி

தாம்பரம் மார்க்கெட்டில் பொன்னுசாமி அடுக்கிய தக்காளிக் கூடையைப் பார்த்துவிட்டு வாங்காமல் போக யாருக்கும் மனசு வராது. அடியில் நசுங்கல், நடுவில் காய், மேல் அடுக்கு மட்டும் கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி மினுங்கும். இத்தனை வருஷத்தில் கூடையைக் கவிழ்த்துப் பார்த்து வாங்கியவர் ஒருவருமில்லை என்பதில் அவருக்குத் தனிப் பெருமை.

அதே சாமர்த்தியத்தைத் தன் நுரையீரலிலும் காட்டினார்.

இருமலில் ரத்தம் வந்து, ஸ்கேன் எடுத்ததில் வலது நுரையீரலின் மேல்பாகத்தில் ஒரு கட்டி தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால், மூச்சை அளக்கும் குழாயில் ஊதி ரிப்போர்ட் வாங்கிவரச் சொன்னார்கள்.

"ஊதறதுல ஃபெயிலானா கத்தியே வெக்க மாட்டாங்கோ. வூட்டுக்கு அனுப்பிச்சுடுவாங்கோ" என்று பயமுறுத்தினார் பக்கத்துக் கடை வெங்காய வியாபாரி மாணிக்கவேல்.

நாலு படி ஏறினாலே பொன்னுசாமிக்கு இரைக்கும். நேராக மனைவியின் தம்பி சிட்டிபாபுவிடம் போனார். அவன் கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவன்.

"மச்சான், என் பேர்ல போயி ஒரு ஊது ஊதிட்டு வா."

"இன்னா பாட்டு மாமா?"

"பாட்டெல்லாம் வாணாம். காத்து வந்தா போதும்."

லேபில் பெயரைக் கூப்பிட்டார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. சிட்டிபாபு கன்னம் உப்ப ஊதிவிட்டு வந்தான்.

அடுத்த வாரம் மனைவி சாவித்ரியோடு டாக்டர் சத்யபிரியாவின் முன்னால் உட்கார்ந்தார் பொன்னுசாமி. டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். திரையில் அவருடைய நுரையீரல், பூச்சி அரித்த இலை மாதிரி.

"இது உங்களுது. சரி, இந்த ரிப்போர்ட்ல ஊதினது யாரு?"

"நான்தாங்க மேடம்."

"நாவலூர் கம்பெனி ஒண்ணு செஞ்ச புரோகிராம் இது. ஆயிரக்கணக்கான பேரோட ஸ்கேனையும் மூச்சு அளவையும் காட்டிக் காட்டி இதைப் பழக்கியிருக்காங்க. இப்போ படத்தைப் பார்த்தே, இந்த நுரையீரல் இவ்வளவுதான் ஊதும்னு கணக்கு சொல்லுது. நீங்க அதைப்போல ரெண்டு மடங்கு ஊதியிருக்கீங்க."

"மெஷின்தானே மேடம். கொஞ்சம் முன்னபின்ன போட்டுக்கலாமே."

"மெஷினும் தப்பு பண்ணும், அதனாலதான் உங்களைக் கேக்கறேன். இந்த ரிப்போர்ட்டை நம்பி மேல்பாகத்தை முழுசா எடுத்துட்டா, மிச்சத்தை வெச்சுகிட்டு பாத்ரூம் வரைக்கும்கூட நடக்க முடியாது. ஆக்சிஜன் சிலிண்டரோட தக்காளி விப்பீங்களா?"

 எந்தப் பேரத்திலும் இறங்காத பொன்னுசாமியின் தலை இறங்கியது.

"என் மச்சாங்க மேடம். டிரம்பெட் ஊதறவன். ஃபெயிலானா அனுப்பிச்சுடுவீங்கன்னு பயந்துட்டேன்."

டாக்டர் சிரிப்பை அடக்கப் படாத பாடுபட்டார். சாவித்ரி சிரிக்கவில்லை.

"நல்லாக் கீதுய்யா. நீ போய்ச் சேர்ந்திருந்தா, அதுக்கும் அவனே வந்து ஊதியிருப்பான்."

"பீடி எத்தனை?" என்றார் டாக்டர்.

"எப்பவாச்சும் ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "தெனம் ஒரு கட்டுங்க."

அன்றே பொன்னுசாமியைத் தன் வாயால் ஊத வைத்தார்கள். புது அளவைக் கொடுத்ததும் கம்ப்யூட்டர் நுரையீரலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டியது. டாக்டர் ரத்தக்குழாய்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேல்பாகம் முழுசும் எடுக்க வேண்டாம். கட்டி இருக்கற துண்டை மட்டும் எடுக்கலாம். பீடியை இன்னிக்கே விடணும், மூச்சுப் பயிற்சி செஞ்சுட்டு வரணும்."

பொய் சொன்னபோது முழுசாகப் போக இருந்தது, உண்மை சொன்னதும் துண்டாகக் குறைந்தது. இப்படி ஒரு பேரத்தைப் பொன்னுசாமி பார்த்ததே இல்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, சில மாதத்தில் கடைக்குத் திரும்பினார். மாணிக்கவேல் சோர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா, மொகம் வாடிக் கீது?"

"நாளைக்கு சுகர் டெஸ்ட்டு. ரெண்டு நாளா சோறே துன்னல. நம்பர் நல்லா வரணும்ல?"

பொன்னுசாமி தன் தக்காளிக் கூடையைத் தட்டிக் காட்டினார். "டாக்டராண்ட மேல் அடுக்கைக் காட்டாத மாணிக்கம். கூடையைக் கவுத்துக் கொட்டு. அங்க மறைச்சா ஏமாந்து போறது அவங்க இல்ல, நீதான்."

தக்காளி வாங்க வந்த பெண் பையைக் கீழே வைத்தாள். "அப்ப எனக்கும் அந்தக் கூடையைக் கவுத்துக் காட்டுங்கண்ணா."

பொன்னுசாமி வாய்விட்டு, நீளமாகச் சிரித்தார். நடுவில் ஒரு இருமல்கூட வரவில்லை. சிரித்துக்கொண்டே கூடையைக் கவிழ்த்தார்.