கைதானவர்களும் பன்னிரண்டு அவசர விளக்குகளும்

1

மின் ஒப்பந்தக்காரர்கள் சங்கத்தின் மாநாட்டு மலருக்காக எழுதத் தொடங்கிய கதை இது. "அவசர விளக்கோட அவசியம் வரணும் சார், அரசியல் மட்டும் வேணாம்" என்றார் சங்கச் செயலாளர். தஞ்சாவூர்ப் பக்கம் அரசியல் இல்லாமல் ஒரு பல்பைக்கூட மாட்ட முடியாது. அது அவருக்கும் தெரியும். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

முதல் தொடக்கம்: காவிரிக்கரையில் இருள் மெல்லக் கவிந்துகொண்டிருந்த—

(வேண்டாம். கதை நடப்பது மத்தியானம்.)

இரண்டாவது: மின் ஆய்வாளர் ஹமீதா பானு நேர்மைக்குப் பெயர் பெற்ற—

(பெற்றிருந்தால் இந்நேரம் வேறு மாவட்டத்துக்குத் தூக்கியடித்திருப்பார்கள்.)

2

மின்வெட்டுக்கு அரசாங்கமே அட்டவணை போட்டிருந்த வருடங்கள். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மின்நிலையம் கட்ட நஞ்சை நிலத்தை எடுக்கக் கூடாதென்று மறியல் செய்த நூற்று நாற்பது பேரைப் போலீஸ் அதில் அடைத்திருந்தது. நம் வழக்கம்தான். காலையில் கைது, மத்தியானம் சாம்பார் சாதப் பொட்டலம், ஆறு மணிக்கு விடுதலை. எந்தக் கட்சி ஆண்டாலும் பொட்டலத்தில் உப்பு குறைவு.

அன்றைக்குத்தான் மண்டபத்தில் அவசர விளக்குச் சோதனையும். மெயினை அணைத்துவிட்டு, விளக்குகள் ஒரு மணி நேரம் எரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஆனால் மெயினை யாரும் தொடுவதில்லை. இரண்டு மணிக்கு எப்படியும் கரண்ட் போகும். அந்த நேரத்துக்கு வந்து நின்றால் போதும். ஹமீதா பானுவும் அப்படித்தான் வந்தார். அன்று பார்த்து ஊருக்குள் அமைச்சர். கரண்ட் போகவேயில்லை.

மண்டப மேனேஜர் இராஜாங்கத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. "கரண்டே போகல, அப்பறம் எதுக்கும்மா அவசர விளக்கு? சோதனைப் படிவத்துல 'திருப்தி'ன்னு கையெழுத்தப் போட்டுடுங்க. நாளைக்கு ஒன்றியச் செயலாளர் வீட்டுக் கல்யாணம்."

(அடிக்குறிப்பு: எந்தக் கட்சி ஒன்றியம் என்று கேட்காதீர்கள். மண்டபத்து வாசலில் இரண்டு கொடிக்கும் கம்பம் உண்டு.)

3

இந்த இடத்தில் ஹமீதா பானுமேல் எனக்குச் சந்தேகம். கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றரை பஸ்ஸைப் பிடிக்கக்கூடியவர்தான். பல தடவை பிடித்தும் இருக்கிறார். பிறகு ஏன் மெயினை அணைத்தார்? கோபம் என்று எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பின்வாசலில் 'வெளியே செல்லும் வழி' என்ற பலகைக்குக் கீழே போலீஸ் போட்ட பூட்டு தொங்குவதைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஏசிக்காக ஜன்னல்களை அடைத்த கூடம். பன்னிரண்டு விளக்குகளில் ஒன்று எரிந்தது, நாலு நிமிஷம். மற்றவற்றுக்குள் பேட்டரியே இல்லை. கும்பிருட்டு. கூட்டம் எழுந்து பூட்டிய கதவில் போய் மோதியது. யாரோ கீழே விழுந்தார்கள்.

"உக்காருங்க, எல்லாரும் அப்படியே உக்காருங்க" என்று ஒரு குரல் கேட்டது. மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்யும் அம்சவல்லியின் குரல். கூட்டம் உட்கார்ந்தது. மெயினைப் போட்டதும் அவர் நேரே ஹமீதா பானுவிடம் வந்தார்.

"ஏம்மா, லைட்டு எரியலன்னு நீங்க எழுதினா இங்க ஆள அடச்சு வைக்கக் கூடாதுல்ல?"

"கூடாதுதான்."

"அப்ப எழுதுங்க. இந்நேரம் என் வயல்ல சர்வேயர் கல்லு நட்டுக்கிட்டு இருக்காரு. எங்கள இங்க வச்சிருக்கறதே அதுக்குத்தான். நாங்க போயி குறுக்க நின்னுட்டா இன்னிக்கி வேல நடக்காது. நாளைக்கு எங்க வக்கீல் கோர்ட்டுல தடை வாங்கிடுவாரு. இன்னிக்கி ஒரு பொழுதுதாம்மா வேணும்."

அப்போது மணி மூன்று பத்து.

4

முடிவு அ: ஹமீதா பானு எழுதுகிறார். அத்தனை பேரும் வயலுக்கு ஓடுகிறார்கள். (ஓட விடுவார்களா? போலீஸ் பக்கத்து மண்டபத்துக்கு மாற்றிவிடும். அந்த மண்டபத்துக்குப் போன மாதம் விளக்கைப் பார்க்காமலே சான்றிதழ் கொடுத்தவரும் இவர்தான்.)

முடிவு ஆ: கையெழுத்துப் போடுகிறார். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடக்கிறது. கல்லும் நடுகிறார்கள், பிறகு அம்சவல்லி—

(கை வரவில்லை. அந்த அம்மாள்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.)

முடிவு இ, சங்கச் செயலாளர் போனில் சொன்னது: "தரமான பேட்டரி வாங்கணும்னு அந்தம்மாவே ரெண்டு வார்த்த பேசட்டுமே சார்."

5

மூன்று முடிவை எழுதிப் பார்ப்பதற்குள் அங்கே மணி நாலேகால் ஆகிவிட்டது. இதற்கு நான் வெட்கப்படுகிறேன். ஹமீதா பானு பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார். "சீக்கிரம் சொல்லுங்க சார்" என்கிறார் அம்சவல்லி, என்னிடம்தான்.

எனக்குத் தைரியம் இல்லை. படிவத்தை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். 'திருப்தி', 'திருப்தி இல்லை': இரண்டில் பொருந்தாததை அடிக்க வேண்டும். யோசித்தே அடியுங்கள், அவசரமில்லை என்று சொல்ல ஆசைதான். வயலில் மூன்று கல் நட்டாயிற்று, கடைசிக் கல்லுக்குக் குழி வெட்டுகிறார்கள்.