வெள்ளை ஒயினும் என் நண்டும்

அண்ணன் வேங்கடேசன் வீட்டில் ஆறு வருஷம் ஓசிச் சோறு தின்றவள் என்று எனக்குப் பெயர். அந்தச் சோற்றை மூன்று வேளையும் ஆக்கிப் போட்டவளும் நான்தான் என்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. புருஷனைச் சாராயம் கொண்டுபோன பிறகு எனக்கென்று இருந்தது அந்த வீட்டு அடுப்படி மூலைதான்.

எண்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம் சவுரிராயன் சொல்லி அனுப்பினார். அண்ணனுக்குத் தெரிந்தவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிற மனிதர். கோட்டக்குப்பத்தில் கடலோரமாகக் குடியிருந்த ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்தார். அங்கே சமையலுக்கு ஆள் வேண்டுமாம். பின்பக்கம் தனி அறை, உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம் என்றார். எனக்கு அந்தத் தாழ்ப்பாள் ஒன்றே போதும்.

திண்டிவனத்தில் முதல் பஸ் ஏறினேன். மரக்காணத்தில் இறங்கி ஒரு கூடை உயிர் நண்டு வாங்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருவார்கள், இந்த வெள்ளை ஒயினோடு சேர்கிற மாதிரி ஒன்று ஆக்கிக் காட்டு என்று சவுரிராயன் வாயாகச் சொல்லி மதாம் ஒரு பாட்டிலை மேசையில் வைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த வாடைக்கும் எனக்கும் ஆகாது. அதன் பக்கமே போகாமல், புளியும் மிளகாயும் தூக்கலாகப் போட்டு நண்டுக் குழம்பு வைத்தேன். ஊரே கூடி நின்று சாப்பிடுகிற குழம்பு.

மதாம் ஒரு வாய் சாப்பிட்டாள், ஒயினை ஒரு மடக்குக் குடித்தாள், தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். குழம்பு நன்றாகத்தான் இருக்கிறதாம், ஆனால் அதற்கு மேல் ஒயின் வெறும் தண்ணீராகிவிட்டதாம். நீ ருசி பார்த்தாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் முகம் சுருங்கிப்போனது.

"ஆக்குனவளே வாயில வைக்காதத நான் எப்படித் துன்றதுன்னு கேக்குறாங்கம்மா," என்றார் சவுரிராயன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "படையலுக்கு ஆக்குற கைங்க இது. துன்றவங்களுக்கு முந்தி என் நாக்கு பட்டா அது எச்சிலு. நான் மூக்காலதான் உப்பு பாப்பேன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். மதாம் சிரிக்கவில்லை. தம்ளரை எடுத்துச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு நெடுநேரம் மோந்தாள். பிறகு என் பக்கம் நகர்த்தினாள்.

தம்ளரை எடுத்தேன். செத்துப்போனவன் சட்டையில் இருந்த நாற்றம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு மோந்தேன். அது வரவில்லை. வேறு என்னவோ வந்தது. மறுபடி மோந்தேன்.

"இதுல ரெண்டு சங்கதி கீது. ஒண்ணு இப்பதான் அறுத்த மாங்கா. அதுக்கு அடியில தேன்ல ஊறுன பழம் ஒண்ணு. ரெண்டையும் யாரோ கலந்து கீறாங்க."

சவுரிராயன் சொல்லி முடித்ததும் மதாம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். பிரான்சில் பொர்தோ என்கிற ஊர்ப்பக்கம் செய்ததாம். புளிப்பான திராட்சை ஒன்று, கனிந்த திராட்சை ஒன்று, இரண்டையும் கலப்பார்களாம்.

இதை முதலிலேயே மோந்திருக்க வேண்டும். வீம்பில் கெடுத்துக்கொண்டேன். கூடையில் நாலு நண்டு மிச்சம் இருந்தது. அரைமணி நேரம் கேட்டேன். புளி இல்லை, மிளகாய் இல்லை. நண்டை ஆவியில் வேகவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, கெட்டித் தேங்காய்ப்பாலில் மாங்காயை மெல்லிசாகச் சீவிப் போட்டேன். கடைசியில் கொஞ்சம் மிளகுத்தூள். மூடியைத் திறந்து மோந்தேன். தம்ளரில் இருந்த அதே இரண்டும் சட்டியிலும் இருந்தன.

மதாம் சாப்பிட்டாள், குடித்தாள், மறுபடி சாப்பிட்டாள். ஓடு உடைகிற சத்தம்தான் கேட்டது. சவுரிராயனுக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. மூன்றாவது நண்டு முடிந்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நாலாவதைத் தட்டில் எடுத்து வைத்து எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"அவங்க துன்னு முடிச்சிட்டாங்களாம். இப்ப நீங்க துன்னலாமான்னு கேக்குறாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னைப் பார்த்து அப்படி யாரும் கேட்டதில்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன். உப்பு ஒரு கல் குறைவு. நான் வெளியே சொல்லவில்லை.

தட்டுக்குப் பக்கத்தில் மதாம் ஒரு சாவியை வைத்தாள். எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் அறையைத் திறந்தேன். உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டேன். திறந்தேன். மறுபடி போட்டேன்.