பழுத்த கை

போன வருஷம் ஆடிச் சீசனில், குற்றாலத்தில் மெயின் அருவிக்குப் போகிற வழியில், இருபது பேர் பார்க்க, என் அண்ணன் குத்தாலிங்கம், தங்கச்சி என்றும் பாராமல், என்னைக் கன்னத்தில் அறைந்தான். நான் செய்த குற்றம், அவன் விரலைப் பிடித்து ஊசியால் ஒரு குத்து குத்தப் பார்த்தது.

அரசாங்கத் திட்டத்தில் வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்த்து, மாத்திரை கொடுத்து, எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்வது என் வேலை. தோளில் ஒரு பை. அதற்குள் பிரஷர் மிஷின், சுகர் மிஷின், ஊசி, பஞ்சு. வீட்டில் அகப்படாத ஆண்களை வேலை பார்க்கிற இடத்தில் போய்ப் பிடிக்க வேண்டும். குற்றாலத்துக்காரன் சீசனில் வீட்டிலா இருப்பான்? பஜ்ஜிக் கடை, துண்டுக் கடை, நேந்திரம் சிப்ஸ் கடை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கடைசியில் அண்ணனின் மசாஜ் கொட்டகைக்குப் போனேன்.

தகரக் கூரை, நாலு பெஞ்சு, மூலையில் கேஸ் அடுப்பு, அதன்மேல் மூலிகை எண்ணெய்ச் சட்டி. அண்ணனுக்கு முப்பது வருஷமாக அதுதான் உலகம். சாரலில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களைக் குப்புறப் படுக்கவைத்து, சுடச்சுட எண்ணெய் ஊற்றி, முதுகைப் பிசைந்து அனுப்புவான். அவன் கைக்கென்றே மதுரையிலிருந்து வருகிறவர்கள் உண்டு.

"அண்ணே, ஒரே ஒரு சொட்டு ரத்தம். ஒரு நிமிஷம்" என்று விரலைப் பிடித்தேன்.

"கையை விடுட்டி."

"உனக்கும் நாற்பத்தொன்பது ஆச்சு. அப்பாவுக்கு இருந்துச்சுல்லா?"

பெஞ்சில் கிடந்த ஒருத்தன் தலையைத் தூக்கி, "அண்ணாச்சிக்கு சுகராய்யா?" என்று கேட்டான். அவ்வளவுதான். அறை விழுந்தது. பை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"கஸ்டமர் முன்னால என்னயச் சீக்காளி ஆக்குதியாட்டி? இன்னொரு மட்டம் இந்தப் பையைத் தூக்கிட்டு இங்கன வந்தே, காலை முறிச்சுப் போடுவேன்!"

கன்னத்து வீக்கம் மூன்று நாளில் வடிந்துவிட்டது. கோபம் வடியவில்லை. அன்று சாயங்காலமே செல்போனை எடுத்து, அவன் பெயருக்கு நேரே சுகர் 118 என்று போட்டேன். உனக்குச் சீக்கே கிடையாது என்கிறாயா, சரி, கிடையாது, போ. அடுத்த மாதம் 124. அதற்கடுத்த மாதம் 121. ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றிப் போடும் அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. விடுபட்ட பெயரே இல்லாத லிஸ்ட் என்று மீட்டிங்கில் எனக்குக் கைதட்டினார்கள். வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பொய்.

இதற்கு நடுவில் அண்ணனின் கையைப் பற்றி ஊரில் ஒரு பெருமை பரவியது. எண்ணெயின் பதத்தை மசாஜ்காரர்கள் விரலை விட்டுத்தான் பார்ப்பார்கள். விரல் தாங்கினால் முதுகும் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவன் சுரீரென்று விரலை இழுத்துக்கொள்வான். வருஷம் ஆக ஆகத் தோல் காய்த்துவிடும், இன்னும் கொஞ்சம் கூடுதலான சூடு தாங்கும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கை பழுப்பது. அண்ணனுக்கோ கொதிக்கிற எண்ணெயில் விரலை விட்டு ஆட்டினாலும் சுடவில்லை, கொப்புளம் கிளம்பினாலும் தெரியவில்லை. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "குத்தாலிங்கம் அண்ணாச்சிக்குக் கை நல்லாப் பழுத்துட்டுடே" என்று மரியாதையோடு சொன்னார்கள். என் மதினி உமாதேவிகூட, "உங்க அண்ணன் அடுப்புலேர்ந்து குழம்புச் சட்டிய வெறுங்கையால இறக்குதாவ, பாத்தியா?" என்று என்னிடம் பீற்றிக்கொண்டாள்.

சர்க்கரை முற்றினால் கை கால் மரத்துப்போகும் என்று எனக்குப் பயிற்சியில் படம் போட்டே சொல்லித் தந்திருந்தார்கள். அண்ணன் விஷயத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை என்று சொன்னால், அது பதிமூன்றாவது பொய்யாகிவிடும். ஞாபகம் வந்தது. அவனாக வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

இந்த ஆடியில், ஒரு சனிக்கிழமை காலை. அருவியில் நல்ல தண்ணீர், ரோட்டில் கால் வைக்க இடமில்லை. எதிர்க்கடையில் ஒரு அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணனின் கொட்டகையில் வீரகேரளம்புதூரிலிருந்து வந்த ஐந்து பேர். நல்ல போதை. அவர்களில் ஜெகதீஸ்வரன் என்கிறவன் பெஞ்சில் குப்புறக் கிடந்துகொண்டு அண்ணனை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

"என்னவே தடவுதீரு? பச்சைப் பிள்ளையவா குளிப்பாட்டுதீரு? எண்ணெய் பச்சைத் தண்ணியால்லா இருக்கு! ஊரை ஏமாத்தியே தின்னுட்டீருவே."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனின் முகம் சிவந்தது. அவனுக்கு அவன் கையைச் சொன்னால் ஆகாது.

"பொறுலே. சூடா ஊத்துதேன். சாகுத வரைக்கும் மறக்க மாட்டே" என்று சத்தமாகச் சொன்னான். தெருவே கேட்டது.

எப்போதும் சிறு தீயில் எரிகிற அடுப்பைக் கூட்டினான். இடது கையின் இரண்டு விரலைச் சட்டிக்குள் விட்டான், எடுத்தான், தலையை ஆட்டிக்கொண்டான். சட்டியை அப்படியே தூக்கி ஜெகதீஸ்வரன் முதுகில் சரித்தான்.

அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். ஜெகதீஸ்வரன் பெஞ்சோடு கீழே விழுந்து உருண்டான். கூட வந்தவன் துடைத்த துண்டோடு முதுகுத் தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் காலிச் சட்டியைப் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான். பிறகு, "சூடே இல்லையேலே... சூடே இல்லையே..." என்றான்.

கூட வந்த நாலு பேரும் அண்ணன்மேல் பாய்ந்தார்கள். ஒருவன் பெஞ்சுக் கட்டையால் முழங்காலில் அடித்தான். அண்ணன் மண்டியிட்டு விழுந்ததும் முகத்தில் மிதித்தார்கள். ரத்தம் மூக்கிலிருந்து கொட்டியது. நான் ஓடிப்போய் பிரஷர் மிஷின் இருந்த பையைச் சுழற்றி ஒருத்தன் மண்டையில் இறக்கினேன். மிஷின் உடைந்தது, அவன் மண்டையும் உடைந்தது. இன்னொருத்தன் என் முடியைப் பிடித்து இழுத்துத் தூணில் மோதினான்.

"எந்தக் கையாலலே ஊத்தினே? இந்தக் கையா?" என்று ஒருத்தன் கத்தினான். அண்ணனின் இடது கையைப் பிடித்து இழுத்துப்போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பின்மேல் வைத்து அழுத்தினான்.

எல்லோரும் அலறலுக்காகக் காத்திருந்தோம். அலறல் வரவில்லை. கறி கருகுகிற வாடை வந்தது. அண்ணன் தன் கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான், அது யாருடைய கையோ என்கிற மாதிரி. அழுத்தினவன்தான் பயந்துபோய்ப் பிடியை விட்டான்.

"ஏலே, இவன் மனுசன் இல்லலே, ராட்சசன்" என்றான்.

அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் சோறு போட்ட கை செத்துப்போயிருந்தது.

தென்காசி ஆஸ்பத்திரியில் அண்ணனுக்குக் கட்டுப் போட்டார்கள். ஜெகதீஸ்வரனை ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். உயிருக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்கள். அண்ணனின் கையை அடுப்பில் வைத்து அழுத்தினவனை ஸ்டேஷனில் உட்காரவைத்திருப்பதாகத் தகவல் வந்தது.

டாக்டர் ஹஸீபா, சின்ன வயசு, கண்டிப்பானவர். அண்ணனின் சுகரைப் பார்த்தார். 438. மூன்று மாதச் சராசரியும் எக்கச்சக்கம். காலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்காலில் ஒரு ஆணி ஏறி, அதன்மேல் தோல் மூடிக் கிடந்தது. எத்தனை நாளாக என்று அவனுக்கே தெரியவில்லை.

"கால் இப்படி மரத்துப்போறது ஒரு நாள்ல வர்றது கிடையாது. ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும்" என்றவர், கம்ப்யூட்டரில் அவன் பெயரைத் தட்டினார். புருவம் சுருங்கியது. "மாசாமாசம் பார்த்திருக்காங்களே. எல்லாம் நார்மல்னு இருக்கு. எப்படி?"

அறையில் எஸ்.ஐ.யும் இருந்தார். அவர் வாக்குமூலம் எழுத வந்தவர்.

"ரெக்கார்டுல நார்மல்னா நல்லதாப் போச்சு டாக்டர். சூடா ஊத்துதேன், மறக்க மாட்டேன்னு இவரு மிரட்டினதைப் பத்து பேரு கேட்டிருக்காங்க. விரலை விட்டுப் பார்த்துட்டுத்தான் ஊத்தியிருக்காரு. உடம்பு நல்லா இருக்க ஆளுக்குச் சூடு தெரியாமயா போகும்? வேணும்னே செஞ்சதுதான். கொலை முயற்சி. அந்த ஆளு போயிட்டான்னா கொலை."

உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், கேஸ் வரும், மீட்டிங்கில் கைதட்டினவர்களே காறித் துப்புவார்கள். வாயைத் திறக்காவிட்டால் என் அண்ணன் பாளையங்கோட்டை ஜெயிலில் கிடப்பான், நான் போட்ட எண்களை வைத்தே அவனை உள்ளே தள்ளுவார்கள்.

"பொய் சார். எல்லாம் நான் வாயில வந்ததைப் போட்டது. ஒரு மட்டம்கூட அவனுக்கு ரத்தம் எடுக்கல. பார்த்திருந்தா போன ஆடியிலேயே தெரிஞ்சிருக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வைக்கு, அண்ணனின் அறை எவ்வளவோ தேவலை.

"ஒரு சொட்டும்மா" என்றார். "மாசம் ஒரு சொட்டு. அதைப் பார்த்திருந்தா இன்னிக்கு ரெண்டு பேரு முழுசா இருந்திருப்பாங்க. இவரு பார்க்க விடலைன்னா, விடலைன்னு எழுதியிருக்கலாமே! நாங்க வந்து கூப்பிட்டிருப்போமே!"

விடலை என்று எழுத ஒரு கட்டம் அதிலேயே இருந்தது.

எஸ்.ஐ. பேனாவைத் திறந்தார். "அப்போ இவருக்குக் கை மரத்துப்போச்சு, சூடு தெரியாமத்தான் ஊத்தினாருங்கிறீங்க."

"எவன் சொன்னான்?" என்று கட்டிலிலிருந்து சத்தம் வந்தது.

அண்ணன் எழுந்து உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து, ஒரு கண் மூடி, இடது கை முழுக்கக் கட்டு.

"இவ என் தங்கச்சி. என்னயக் காப்பாத்தணும்னு புளுகுதா. எனக்குக் கைக்கு ஒண்ணும் இல்ல சார். நான் வேணும்னேதான் ஊத்தினேன். அவன் என் கையைப் பழிச்சான், ஊத்தினேன். அப்படியே எழுதிக்கிடுங்க."

"அண்ணே, கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?"

வலது கையால் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தான். எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கினான். எவ்வளவு இறுக்குகிறான் என்று அவனுக்குத் தெரியாது. காதோரம் இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"ஜெயிலுக்குப் போயிட்டு வந்தா ரவுடின்னு சொல்லுவான், ஆனா முதுகைக் காட்டுவான். செத்த கைன்னு தெரிஞ்சா எவன்ட்டி எனக்கு முதுகைக் காட்டுவான்? வாயை மூடு."

விட்டபோது என் கையில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

டாக்டர் அதைப் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். நுனியில் மெல்லிய நைலான் நரம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"சரி அண்ணாச்சி. கைக்கு ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதான். வலது கையை இப்படி வைங்க. கண்ணை மூடிக்கோங்க. நான் தொடும்போதெல்லாம் 'ம்'னு சொல்லணும். எஸ்.ஐ. சார், கொஞ்சம் பக்கத்துல வந்து பாருங்க."

அண்ணன் கண்ணை இறுக மூடினான். உள்ளங்கையை விரித்து வைத்தான். பெரிய கை அது, எண்ணெய் ஏறிப் பளபளவென்றிருந்தது. டாக்டர் சுட்டுவிரல் நுனியில் நரம்பை வளையும்வரை அழுத்தினார். அண்ணனிடமிருந்து சத்தம் இல்லை. கட்டைவிரலில் அழுத்தினார். இல்லை. உள்ளங்கை நடுவில் அழுத்தினார்.

நெடுநேரமாகிவிட்டது என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். "ம்" என்றான்.

டாக்டரின் கை அப்போது காற்றில் இருந்தது.

"ம்" என்றான் மறுபடியும். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ம்." தலையை லேசாக ஆட்டிக்கொண்டே, எண்ணெய்ப் பதம் பார்க்கிற நிதானத்தோடு, "ம்... ம்..."

டாக்டர் அந்தப் பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தியிருந்தார். கட்டிலைச் சுற்றி அவனைத் தொடும் தூரத்தில் யாரும் இல்லை. அண்ணன் மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

எனக்குத் தாங்கவில்லை. "போதும்ணே" என்றேன்.

"சும்மா கெடட்டி" என்றான் அண்ணன், கண்ணைத் திறக்காமல். "டாக்டரம்மா தொட்டுக்கிட்டுல்லா இருக்காவ."