வரையாமல் விட்ட வாய்க்கால்

புயலும் வெள்ளமும் வந்தால் நம் ஊர் என்ன செய்யும் என்று ராஜாம்பாள் டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டபோது வகுப்பில் சிரிக்காத பிள்ளை இல்லை. பொன்னுருகக் காய்கிற புரட்டாசி. கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்குத் தாமிரபரணி என்றால் குளிக்கிற இடம், துணி அலசுகிற இடம். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தந்ததில்லை.

"மாவட்டக் கண்காட்சிக்கு இதை யார் எடுத்துக்கறேள்?" என்று டீச்சர் கேட்டதும் ரைஹானத் கையைத் தூக்கினாள். தூக்கியவள் பக்கத்தில் இருந்த மாரிக்கண்ணுவின் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"ஏட்டி, என்னை என்னத்துக்கு இழுக்க?" என்று மாரிக்கண்ணு முணுமுணுத்தாள்.

"ஆத்தங்கரையில இருக்கது நீதான? ஒன்னை விட்டா யாரு?"

அது உண்மைதான். ரைஹானத்தின் வாப்பா அகமது மீரான் ஜவுளிக்கடை வைத்திருந்தார். வீடு ஊரின் மேட்டுப் பக்கம், பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு. மாரிக்கண்ணுவின் வீடோ ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே நீளமாகக் கிடந்த ஆற்றங்கரைத் தெருவில். அவளுடைய அப்பா பூதத்தான் அந்தத் தெருமுனை அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். குரல் தெரு முழுக்கக் கேட்கும். சிரித்தால் இரண்டு தெருவுக்குக் கேட்கும்.

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் எங்கே போவீர்கள், யார் யாரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டார்கள். "வேப்பமரத்துல ஏறிக்கிடுவோம்" என்றார் ஒருவர். "வெள்ளம் வந்தா மீன் பிடிப்போம்" என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு நல்லபெருமாள் மட்டும் சிரிக்கவில்லை. பனையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர் அவர். "நான் எங்கன போவேன் தாயி? வாரது வரட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

திட்டம் தயாரானது. மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடம்தான் பத்திரமான இடம். ஆற்றங்கரைத் தெருவிலிருந்து அங்கே வர ஒரே பாதை. நடுவில் வாய்க்காலைத் தாண்ட ஒரு பழைய கல்பாலம். பெரிய அட்டையில் ஆற்றுக்கு நீலம், வீடுகளுக்குச் சிவப்பு, பாதைக்குப் பச்சை அம்புக்குறி என்று வரைந்து டீச்சரிடம் காட்டினார்கள். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"நன்னாயிருக்கு. ஆனா ஆறும் நீலம், வாய்க்காலும் நீலம்னா பார்க்கறவா கண்ணு எதுலயும் நிக்காது. வெள்ளம் வரப்போறது ஆத்துல. வாய்க்காலை எடுத்துடுங்கோ."

ரைஹானத்துக்கும் அது சரியாகத்தான் பட்டது. அந்தச் சமயம் வாய்க்காலில் எருமை கிடக்கிற அளவுக்குத்தான் தண்ணீர். புது அட்டை வாங்கி மறுபடி வரைந்தார்கள். இந்தத் தடவை படம் பளிச்சென்று இருந்தது. ஆறு ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறு பக்கம், நடுவே தடையேதும் இல்லாத பச்சைக் கோடு.

அதே போல இன்னொன்று வரைந்து மாரிக்கண்ணு வீட்டுக்குக் கொண்டுபோனாள். பூதத்தான் அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அதோடு நின்றாரா? தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தெருவையே கிளப்பிவிட்டார்.

"வெள்ளம் வந்துட்டு வே! எல்லாரும் பிள்ளைக போட்ட வழியில பள்ளிக்கூடத்துக்கு நடங்க!"

சட்டியும் பெட்டியுமாகச் சனங்கள் சிரித்துக்கொண்டே நடந்தார்கள். பூதத்தான் நல்லபெருமாளை முதுகில் உப்புமூட்டையாகச் சுமந்துகொண்டு முன்னால் போனார். வெகு காலம் கழித்துத் தெருவைத் தாண்டி வந்த நல்லபெருமாள், பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டதும் நாலு பக்கமும் பார்த்துக் கண் கலங்கினார். மணி பார்த்துக் குறித்துக்கொண்டிருந்த ரைஹானத்திடம் பூதத்தான் மூச்சு வாங்கக் கேட்டார்: "என்ன மருமவளே, பாஸா?"

"பாஸ் மாமா" என்றாள் அவள்.

ஐப்பசி முடிகிற சமயத்தில் மழை பிடித்தது. முதல் நாள் எல்லோரும் நல்ல மழை என்றார்கள். அடுத்த நாள் பேச்சு குறைந்தது. பள்ளிக்கூட மாடியில் ரைஹானத்தும் மாரிக்கண்ணுவும் வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டில் மழைமானி நிரம்பி வழிந்து, அளந்து எழுதுவதற்கு அர்த்தமில்லாமல் போனது. மலையில் பேய்மழை, ஆறு கரைபுரண்டு வருகிறது என்று காலையில் தெருவில் ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

ரைஹானத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். உம்மா கூப்பிட்டது காதில் விழவில்லை. டீச்சர் ஏற்கெனவே வந்து வகுப்பறைகளைத் திறந்துவிட்டிருந்தார். வாசலில் நின்றால் சரிவும், கல்பாலமும், அதற்கப்பால் ஆற்றங்கரைத் தெருவின் ஓட்டுக் கூரைகளும் தெரியும். மழைத்திரைக்குள்ளிருந்து சனங்கள் வரிசையாக மேடேறி வந்தார்கள். முன்னால் மாரிக்கண்ணுவும் அவள் அம்மாவும். பின்னால் கைப்பிள்ளைக்காரிகள், ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஒருவர், தையல் மெஷினைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர்.

ரைஹானத்துக்கு அந்த நேரத்தில் வந்தது பயம் அல்ல, பெருமை. படத்தில் போட்டபடியே வருகிறார்கள் என்று நினைத்தாள். அந்த நினைப்பைப் பிற்பாடு அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"ஒங்கப்பா எங்கட்டி?"

"நல்லபெருமாள் மாமாவைத் தூக்கப் போயிருக்காரு. இப்ப வந்திருவாரு" என்றாள் மாரிக்கண்ணு. அவளுக்குப் பல் கிட்டித்தது. "வாய்க்கால்ல தண்ணி பாலத்து மேல ஏறிட்டுட்டி. நாங்க வரும்போதே கெண்டைக்கால் வர இருந்து."

எல்லோரும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் அப்போதுதான் பைய நுழைந்துகொண்டிருந்தது. வாய்க்காலோ அதற்குள் எங்கோ மேலே கரை உடைத்துக்கொண்டு, செம்மண் நிறத்தில், முள்ளும் வாழையுமாகச் சுருட்டிக்கொண்டு வந்தது.

அரிசி மில்லின் மாடியில் கொஞ்சம் பேர் ஏறி நின்றார்கள். பாதையில் இறங்க யோசித்து, பக்கத்தில் கிடைத்த படியில் ஏறியவர்கள். பூதத்தான் நல்லபெருமாளைச் சுமந்துகொண்டு மில்லைத் தாண்டியபோது அவர்கள் கூப்பிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

"அண்ணே, அங்கன போகாதீரும்! இங்கன ஏறும்!"

"பிள்ளைக வழி போட்டு வச்சிருக்காங்கல்லா? எம்பொண்டாட்டி பிள்ளை எல்லாம் அந்தப் பக்கம் போயாச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாராம்.

பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தவர்களுக்குப் பேச்சு எதுவும் கேட்கவில்லை. பாலம் இருந்த இடத்தில் தண்ணீர்தான் தெரிந்தது. பூதத்தான் காலால் தடவித் தடவி வந்தார். பாதி தாண்டியிருப்பார். மேட்டிலிருந்து எல்லோரும் வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். வாருங்கள் என்று கூப்பிடுவதாக அவர் நினைத்திருக்கக்கூடும். ஒரு கையை எடுத்துத் திருப்பி ஆட்டினார். அப்போது கல் சரிந்தது. இரண்டு தலைகள் ஒரு தரம் தெரிந்தன. பிறகு தெரியவில்லை.

மாரிக்கண்ணுவைப் பிடித்துக்கொண்டிருந்த ரைஹானத்தின் தோளில் நகம் பதிந்து ரத்தம் வந்தது.

தண்ணீர் வடிந்தபின் கீழ்ப்பக்கத்து வாழைத்தோப்பில் பூதத்தானை எடுத்தார்கள். நல்லபெருமாள் கிடைக்கவில்லை. ஆற்றங்கரைத் தெருவில் ஓடு போட்ட வீடு ஒன்றுகூட நிற்கவில்லை; மில் அப்படியே நின்றது. அதன் மாடியில் ஏறியவர்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும்போது ரைஹானத்தும் கூட நின்றாள். "நீங்க போட்ட வழியிலதான் எம்பிள்ளைகளக் கொண்டாந்தேன், நல்லாருப்ப தாயி" என்றாள் ஒருத்தி. அடுத்து நின்றவள் தட்டை நீட்டிக்கொண்டே யாரிடமோ சொன்னாள்: "பூதத்தான் பேசாம மில்லு மாடியில ஏறியிருந்தா இன்னைக்கு இருப்பாரு." இரண்டும் மெய்.

கண்காட்சி தை மாதத்துக்குத் தள்ளிப்போனது. டீச்சர் பத்திரிகையில் வந்த வெள்ளப் படங்களை வெட்டி ஒட்டி அட்டையைப் புதுப்பித்தார். மாரிக்கண்ணு பள்ளிக்கூடத்துக்கு வருவதை நிறுத்தியிருந்ததால் ரைஹானத் மட்டும் போக வேண்டியதாயிற்று. அவள் மாட்டேன் என்றாள். வாப்பாதான், "டீச்சர் முகத்துக்காகப் போயிட்டு வாம்மா" என்று அனுப்பிவைத்தார்.

"ஒங்க திட்டத்தாலே எத்தனையோ பேர் தப்பிச்சான்னு சொல்லு. அது பொய்யில்லையே" என்று பஸ்ஸில் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். கண்காட்சி நடந்த வண்ணார்பேட்டையில் இறங்கும்வரை ரைஹானத் அட்டையின் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நடுவர் நல்ல மனிதர். படத்தைப் பொறுமையாகப் பார்த்தார். "வெள்ளம் நிஜமாவே வந்துட்டே! திட்டம் வேலை செஞ்சுதாம்மா?"

"பாதி பேருக்குச் செஞ்சுது சார்."

"மீதிப் பேருக்கு?"

"நாங்க ஆத்த மட்டும்தான் பாத்தோம். இந்த வழியில ஒரு வாய்க்கா இருக்கு. அதுல வந்த தண்ணியில ரெண்டு பேரு போயிட்டாங்க. மழை பெய்யும்போது நாங்க ஒரு தரம்கூட அந்த வழியில நடந்து பாக்கல சார்."

நடுவர் பேனாவை மூடினார். அவள் தலையைத் தொட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். அங்கே ஒரு பையன் சூரிய அடுப்பில் முட்டை அவித்துக்கொண்டிருந்தான். பரிசு அதற்குத்தான் போனது. திரும்பி வரும்போது டீச்சர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சேரன்மகாதேவி தாண்டியதும் மெதுவாக, "நான்தானேடி வாய்க்காலை எடுக்கச் சொன்னேன்" என்றார். யாராவது அதைச் சொல்ல மாட்டார்களா என்று ரைஹானத் இத்தனை நாள் காத்திருந்தாள். சொன்னபின் பாரம் குறையக் காணோம்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே மாரிக்கண்ணுவைத் தேடிப் போனாள். அவளும் அம்மாவும் ஒரு வீட்டில் அப்பளம் இடுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கொல்லைப்புறம் பாய் விரித்து அப்பளம் காயவைத்திருந்தது. மாரிக்கண்ணு மெலிந்திருந்தாள். ரைஹானத் கண்காட்சியில் நடந்ததையெல்லாம் சொல்லிமுடிக்கும்வரை அவள் நிமிரவில்லை.

"எம்பேரச் சொன்னியா?"

"இல்லட்டி. ஒன்னை ஏன் இழுக்கணும்?"

"சொல்லியிருக்கணும்." மாரிக்கண்ணு பாயில் கிடந்த அப்பளம் ஒன்றைத் திருப்பிப் போட்டாள். "அன்னைக்குக் காலையில அப்பா மில்லுக்குத்தான் போவோம்னாரு. நான்தான் கேக்கல. பள்ளிக்கூடத்துக்குத்தான் போணும், படத்துல அப்படித்தான் போட்டுருக்குன்னு அழுதேன். எங்கம்மைக்குத் தெரியும். ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கா."

ரைஹானத் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளே மாவு இடிக்கிற உலக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மேற்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. தை மாதத்தில் வரக்கூடாத மழை. ஒரு துளி பாயில் விழுந்ததும் மாரிக்கண்ணு திடுக்கிட்டு எழுந்தாள். அப்பளங்களை அள்ள முடியாமல் அப்படியே நின்றாள். ரைஹானத் பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடிட்டி" என்றாள். மாரிக்கண்ணு குனிந்து பிடித்தாள். இருவருமாகப் பாயை ஏந்திக்கொண்டு பைய உள்ளே நடந்தார்கள்.